வாசகர் கேள்வி பதில்: நீளும் ஹாலிவுட் படங்கள்

கேள்வி: ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நம்பி ஆங்கிலப் படத்துக்குப் போன காலம் மலையேறிவிட்டது. இப்போது நம் படங்களைவிட நீளமாக எடுக்கிறார்களே, இது தேவைதானா? (திருச்சி வாசகர்)

பதில்: காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்க்கிற சாதாரண ரசிகனின் அபிப்பிராயமாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்டோபர் நோலனின் 'ஓப்பன்ஹைமர்' (2023) 180 நிமிடம் ஓடினாலும் அதில் எனக்கு ஒரு காட்சியும் மிகையாகத் தெரியவில்லை. 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையைக் காட்டும் இடத்தில், வெளிச்சம் திரையை நிறைத்த பிறகும் வெடிச்சத்தம் எழுவதில்லை. நாயகனின் மூச்சொலி மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, தீப்பிழம்பு சுருண்டு சுருண்டு மேலெழுவதை நாமும் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம், சத்தம் என்ற ஒன்று பாக்கியிருப்பதையே மறந்துவிட்ட நேரத்தில் அது வந்து இருக்கையை உலுக்குகிறது. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் விசாரணை அறையும் குறுக்குக் கேள்விகளுமாகப் போவதால் சலிப்படைந்தவர்கள் பலர். எனக்கோ அந்தப் பகுதிதான் படத்தின் உயிர்: குண்டு வெடித்ததோடு முடித்திருந்தால் அது வெறும் வெற்றிக் கதையாகியிருக்கும், குண்டைச் செய்து கொடுத்தவரையே அரசு சந்தேகித்து ஒதுக்கிய கதை நமக்குக் கிடைத்திருக்காது.

அதே ஆண்டு வெளிவந்த மார்ட்டின் ஸ்கோர்செசியின் 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்' விஷயத்தில் உங்கள் கட்சியில் நானும் சேர்ந்துகொள்கிறேன். 1920களில் ஓக்லஹோமாவில் எண்ணெய்ப் பணத்துக்காக ஓசேஜ் பழங்குடி மக்கள் கொல்லப்பட்டதைச் சொல்லும் முக்கியமான படம்தான். ஆனால் கொலைகாரர் யார் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிட்டு 206 நிமிடம் உட்காரவைக்கிறார்கள். நாயகனின் மனைவியாக நடித்த லில்லி கிளாட்ஸ்டன் நோயில் படுத்துவிட்டபின் படமும் கூடவே படுத்துவிடுகிறது.

'தி புரூட்டலிஸ்ட்' (2024) படத்தில் 15 நிமிட இடைவேளையை இயக்குநரே கதைக்குள் வைத்து, திரையில் ஒரு திருமணப் புகைப்படத்தையும் ஓடும் கடிகாரத்தையும் காட்டுகிறார். இடைவேளையை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆயினும், இயக்குநர் குறித்த இடத்தில் நிற்பதும், ஆங்கிலப் படம்தானே என்று நம் தியேட்டர்காரர்கள் வசனத்தின் நடுவில் விளக்கைப் போடுவதும் ஒன்றாகிவிடாது.

கேள்வி: சூப்பர் ஹீரோ படங்கள் சலித்துப் போனதற்கும் நீளம்தான் காரணமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: இல்லை. மார்வெல் வரிசையிலேயே மிகக் குறைந்த நீளமுள்ள 'தி மார்வெல்ஸ்' (2023) 105 நிமிடம்தான்; வசூலிலும் அந்த வரிசையில் அதற்கே கடைசி இடம். அதன் நாயகியர் மூவரில் ஒருத்திக்குச் சக்தி எப்படி வந்தது என்று தெரிய ஒரு இணையத் தொடரையும், இன்னொருத்தி யார் என்று அறிய வேறொரு தொடரையும் முன்பே பார்த்திருக்க வேண்டும். பொழுதுபோக்கச் சென்ற இடத்தில் வீட்டுப்பாடம் செய்தாயா என்று கேட்டால் யார்தான் போவார்கள்?

கேள்வி: 'சின்னர்ஸ்' பேய்ப் படமா, பாட்டுப் படமா? (கோவை வாசகர்)

பதில்: ரயான் கூக்ளர் 2025இல் தந்த இந்தப் படத்தில் ரத்தம் குடிக்கும் பேய்கள் உண்டு, ஆனால் அவை ஆட்டத்தைத் தொடங்குவதற்குள் பாதிப் படம் முடிந்துவிடுகிறது. 1932இல் மிசிசிப்பியில் இரட்டைச் சகோதரர்கள் (இருவரும் மைக்கேல் பி. ஜோர்டன்தான்) ஒரு பழைய மர ஆலையை வாங்கி, கறுப்பின மக்கள் கூடி ஆடும் விடுதியாக மாற்றுகிறார்கள். முதல் இரவில் ஒரு இளைஞன் கிட்டாரை மீட்டிப் பாட, முன்னோரான ஆப்பிரிக்கத் தாளக்காரர்களும், பிற்காலத்து மின்கிட்டார் கலைஞரும், சீன நாட்டிய மரபினரும் காலம் கடந்து அதே தரையில் வந்து ஆடுகிறார்கள். பாட்டு எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது புரிந்துவிடுகிறது. அந்தக் காட்சிக்குப் பிறகு வரும் பேய்ச் சண்டை எனக்குச் சுமார்தான்.

கேள்வி: ஐந்து ஆஸ்கர் வாங்கிய 'அனோரா'வைக் குடும்பத்தோடு பார்க்கலாமா? (வேலூர் வாசகி)

பதில்: கூடவே கூடாது. நல்ல படம், தனியாகப் பாருங்கள். பிள்ளைகளோடு பார்க்க வேண்டுமானால் 'தி வைல்ட் ரோபோ' (2024) இருக்கிறது. தாயை இழந்த வாத்துக் குஞ்சு ஒன்றை ஓர் இயந்திரம் வளர்க்கும் கதை. காட்டில் சாவு சகஜம் என்பதை ஒளிக்காமல் சொல்வதால், மிகச் சிறிய குழந்தைகள் மட்டும் கொஞ்சம் அழக்கூடும்.