கட்டு மாற்றும் நேரம்

அன்புள்ள அண்ணா,

அப்பாவுக்கு 63 வயது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். உள்ளங்காலில் சர்க்கரைப் புண் வந்து ஏழு மாதம் ஆகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார், நாற்றம் அடிக்குமாம். "காலை எடுத்துடச் சொல்லு, எல்லாருக்கும் நிம்மதி" என்கிறார். டாக்டர் சொன்ன செருப்பையும் வீட்டுக்குள் போடுவதில்லை. "வாயைக் கட்டியிருந்தா இது வந்திருக்குமா" என்று அம்மா திட்டுகிறார். நானும்தான். என்ன செய்வது?

ஒரு மகள்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். நமக்கு முள் குத்தினால் தானாக நொண்டுகிறோம், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நரம்பு மரத்துப்போன காலுக்கு அந்த நொண்டல் இல்லை. தொழுநோயில் பாதம் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாமல் அதே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தி நடப்பதால்தான் புண்ணாகிறது என்று வேலூர் சிஎம்சியில் டாக்டர் பால் பிராண்ட் கண்டு சொன்னார். சர்க்கரைக் காலுக்கும் அதேதான். வலிக்காத புண்ணுக்காக எப்போதும் ஜாக்கிரதையாக இருப்பது எவ்வளவு கஷ்டம்! அதை அலட்சியம் என்று சொல்லாதீர்கள். செருப்பை வீட்டுக்குள்ளும் போட வேண்டும். வாசலில் கழற்றியே பழகியவருக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். "வீட்டுக்குள்ளயே போடுங்க" என்று அம்மா தன் வாயால் சொல்லட்டும்.

என் பெரியம்மாவுக்கும் இதே புண் இருந்தது. கட்டைப் பிரிக்கும்போது அவர் புண்ணைப் பார்க்க மாட்டார், எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். ஒருநாள் என்னை அறியாமல் மூக்கைச் சுளித்துவிட்டேன். மறுநாள் "நானே கட்டிக்கிறேன்" என்று பஞ்சை வாங்கிக்கொண்டார். குனிய முடியாமல் மூச்சு வாங்க, பாதத்தைத் தொடைமேல் இழுத்து வைத்துக்கொண்டு அவர் கட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

லண்டனில் முதல் முறை பாதப் புண் வந்த 253 பேரைத் தொடர்ந்து கவனித்து 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தது. மனச்சோர்வு இல்லாதவர்களைவிட அவர்களிடையே பதினெட்டு மாதத்துக்குள் இறப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. பயமுறுத்தச் சொல்லவில்லை. புண்ணைக் காட்டப் போகும்போது தூக்கம், சாப்பாடு, அந்தக் கதவு, எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு மருந்தும் உண்டு, ஆலோசனையும் உண்டு. நாற்றம் திடீரென்று கூடினாலோ, கால் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

அப்புறம், "காலை எடுத்துடு" என்ற பேச்சு. உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லையா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

சரி, நாளைக்குக் கட்டு மாற்றும்போது அம்மா கால் பக்கம் இருக்கட்டும். நீங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் போய்வந்த ரூட்டில் எந்த ஸ்டாப்பில் கூட்டம் அள்ளும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுநாளும் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.