ஒரு வருஷத்துக்குக் கோலாலம்பூர்: குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: என் கணவரை அவருடைய அலுவலகம் அக்டோபரில் ஒரு வருடத்துக்குக் கோலாலம்பூர் அனுப்புகிறது. மகளுக்கு 6 வயது, சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. மகனுக்கு இரண்டரை. "ஒரே வருஷம்தானே, பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள்" என்கிறார் மாமியார். கூட்டிப் போவதா, விட்டுப் போவதா? பள்ளிக்கூடம், வீடு, வைத்தியம் எல்லாம் எப்படி? அங்கே போனால் தமிழ் மறந்துவிடுவார்களா? (திருப்பூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கூட்டி வாருங்கள். ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன் திரும்பும் மாதத்தை முடிவு செய்துகொண்டு வாருங்கள். இந்த ஊருக்கு வரும் குடும்பங்களுக்குப் பன்னிரண்டு வருடமாக யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு வருடத்துக்கென்று வருகிறவர்கள் படும் சிரமத்தில் பாதி, வருவதைப் பற்றியே யோசித்துவிட்டுப் போவதை மறந்ததால் வருவது.

முதலில் பாஸ், அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி. கணவருக்குக் கிடைப்பது எம்ப்ளாய்மென்ட் பாஸ், உங்களுக்கும் குழந்தைகளுக்கும் டிபெண்டண்ட் பாஸ். குடும்பத்தை அழைத்துவரலாமா, எத்தனை மாதத்துக்கு என்பதெல்லாம் அவருடைய பாஸ் எந்த வகை என்பதைப் பொறுத்தது. அந்த வகை சம்பளத்தைப் பொறுத்தது. சம்பள வரம்பை அவ்வப்போது மாற்றுகிறார்கள். அதனால் இரண்டு வருடம் முன்னால் வந்த நண்பர் சொன்ன கணக்கை நம்பாமல், "குடும்பத்துக்கும் பாஸ் எடுத்துத் தருகிறோம்" என்று அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். திருமணச் சான்றிதழும் குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழும் தேவைப்படும். அவற்றில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நம் ஊர் இனிஷியல் இங்கே பல குடும்பங்களை மாதக்கணக்கில் காத்திருக்க வைத்திருக்கிறது. இன்னொன்று, டிபெண்டண்ட் பாஸில் இருக்கும் மனைவி இங்கே வேலை பார்க்க முடியாது. அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். நீங்கள் இப்போது வேலையில் இருந்தால், ராஜினாமா செய்யாமல் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று கேளுங்கள்.

சரி, பள்ளிக்கூடம். உங்கள் முடிவுக்கு அச்சாணி இதுதான். இங்கே மூன்று நாட்காட்டிகள் ஓடுகின்றன. அரசுப் பள்ளிகள் 2026 முதல் மறுபடி ஜனவரியில் தொடங்குகின்றன. பிரிட்டிஷ் பாடத்திட்ட சர்வதேசப் பள்ளிகளில் பெரும்பாலும் செப்டம்பர். சிபிஎஸ்இ நடத்தும் பள்ளிகள் நம் ஊர் போலவே ஏப்ரல் முதல் மார்ச் வரை. உங்கள் மகள் அக்டோபரில் வந்து அடுத்த அக்டோபரில் திரும்பினால், எந்த நாட்காட்டியாக இருந்தாலும் நடுவில் புகுந்து நடுவில் வெளியேறுவாள். சிபிஎஸ்இயில் மட்டும் இரு பக்கமும் பாடம் தொடரும். ஒன்றாம் வகுப்பின் பின்பாதி இங்கே, இரண்டாம் வகுப்பின் முன்பாதி இங்கே, மீதி திருப்பூரில். ஒரு வருடத்துக்கு மட்டும் வருகிறவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். வெள்ளைக்கார ஆசிரியர், பெரிய மைதானம் என்று மயங்கி சர்வதேசப் பள்ளியில் சேர்த்தால், பதிவுக் கட்டணம், முன்பணம், சீருடை என்று கொடுத்த பணத்துக்குக் குழந்தை அங்கே நிலைகொள்ளும் முன்பே பெட்டி கட்ட வேண்டியிருக்கும். தவிர, பெரும்பாலான சர்வதேசப் பள்ளிகள் விலகுவதற்கு ஒரு பருவம் முன்னதாக எழுத்தில் அறிவிக்கச் சொல்கின்றன. தவறினால் முன்பணம் போய்விடும்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஒப்பந்தத்தைப் பதினெட்டு மாதமாக்கி மார்ச்சில் முடியும்படி செய்ய முடியுமா? என்னிடம் வந்தவர்களில் கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களில் சிலருக்குக் கிடைத்தது. எப்படியானாலும் இப்போதைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே, திரும்பி வந்தால் இடம் உண்டா என்று தலைமையாசிரியரிடம் பேசிவிட்டு வாருங்கள்.

மகனைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். நான்கு வயது வரை உள்ள குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குத் தாஸ்கா என்று பெயர். நான்கு முதல் ஆறு வரை தாடிக்கா, இங்குள்ள தமிழர்கள் சொல்வது பாலர் பள்ளி. தாஸ்கா என்றால் சமூகநலத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள், பார்த்துவிட்டுச் சேருங்கள். அரைநாள் போதும். அவனுக்காக இல்லாவிட்டாலும் உங்களுக்காக. வேலையை விட்டுவிட்டு இருபதாவது மாடியில் இரண்டரை வயதுப் பிள்ளையோடு நாள் முழுக்கத் தனியாக இருப்பது எளிதல்ல. குடும்பம் பாதியில் ஊர் திரும்பினால், பெரும்பாலும் குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாததால் திரும்புவதில்லை. அம்மாவுக்குப் பேச ஆளில்லாமல் போனதால்தான் திரும்புகிறார்கள். அதனால்தான் வீடு பார்க்கும்போது நீச்சல்குளத்தைப் பார்க்காதீர்கள், கீழே இறங்கினால் நடக்கும் தூரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்கிறேன். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் என்றால் கீரையும் பூவும் கோவிலும் பேச்சுத் துணையும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். மோன்ட் கியாராவில் பூங்கா உண்டு, வெளிநாட்டுக் குடும்பங்கள் நிறைய. ஆனால் எம்ஆர்டி, எல்ஆர்டி என்ற நகர ரயில்களின் நிலையத்துக்கு நடந்து போக முடியாது. கார் இல்லாமல் அங்கே தள்ளுவண்டியோடு வெளியே கிளம்பிப் பாருங்கள், நடைபாதை பாதியில் காணாமல் போகும், நாலு மணிக்கு மழை பிடித்துக்கொள்ளும்.

வீட்டு முன்பணத்துக்கு இங்கே ஒரு வாய்ப்பாடு உண்டு: இரண்டு, ஒன்று, அரை. இரண்டு மாத வாடகை முன்பணம், ஒரு மாத வாடகை முன்கூட்டியே, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத வாடகை. வாடகை 2,500 வெள்ளி என்றால் சாவி வாங்கும் அன்று 8,750 வெள்ளி கையில் இருக்க வேண்டும். (ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். கடையில் "அஞ்சு வெள்ளி" என்றால் நகையை நினைத்துக் குழம்ப வேண்டாம்.) ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகராறு என்று வரும்போது கோர்ட்டில் அது செல்லாது. அப்புறம், வேலை முடிந்து நாட்டை விட்டுப் போக நேர்ந்தால் இரண்டு மாத அறிவிப்போடு வீட்டைக் காலி செய்யலாம் என்று ஒரு ஷரத்து சேர்க்கச் சொல்லுங்கள். அதை டிப்ளமேட்டிக் கிளாஸ் என்பார்கள். பெயர்தான் அப்படி, தூதர்களுக்கு மட்டுமானதல்ல. ஏஜெண்ட் தானாகச் சொல்லமாட்டார்.

இதைவிட முக்கியம் பால்கனி. நம் ஊரில் ஜன்னல் என்றாலே கம்பி இருக்கும். இங்குள்ள பல கொண்டோக்களில் (அடுக்குமாடிக் குடியிருப்புகளில்) ஜன்னலுக்குக் கம்பி கிடையாது, பால்கனிக்கு இடுப்புயரக் கைப்பிடி மட்டும். நாங்கள் முதலில் குடியேறிய வீடு பதினேழாவது மாடி. பால்கனிக் கம்பிகள் குறுக்குவாட்டில், ஏணிப்படி மாதிரி. வந்த இரண்டாம் நாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கிறேன், என் சின்னவன் இரண்டாவது கம்பியில் ஏறி நின்று கீழே போகும் ரயிலுக்குக் கை காட்டுகிறான். அன்று மாலையே பால்கனிக் கதவுக்குப் பூட்டு வாங்கினோம். நீங்கள் கையெழுத்துப் போடும் முன்பே கிரில் போடச் சொல்லிக் கேளுங்கள். கட்டடத்தின் வெளித்தோற்றம் கெடும் என்று நிர்வாகம் மறுத்தால், மெல்லிய எஃகுக் கம்பிகளை நெருக்கமாக இழுத்துக் கட்டும் வகை ஒன்று இருக்கிறது, அதற்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். யார் செலவு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். உள்ளே நுழைந்த அன்று சுவர், தரை, ஏசி, சோபா எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். நான் எடுக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் போட்ட ஆணித் துளைகளுக்கு என் முன்பணத்தில் கழித்தார்கள்.

வைத்தியம் இங்கே நடக்கும் விதம் கொஞ்சம் வேறு. தெருவுக்குத் தெரு கிளினிக் உண்டு, மருந்தும் அங்கேயே கொடுத்துவிடுவார்கள். சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்கு அலைய வேண்டியதில்லை. அலுவலகம் ஏற்பாடு செய்து வைத்திருக்கும் பேனல் கிளினிக் என்றால் அட்டையைக் காட்டினால் போதும். ஆனால் அந்த அட்டை கணவருக்கு மட்டுமா, குடும்பத்துக்குமா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு, ஆகவே காப்பீடு இல்லாமல் வராதீர்கள். மகளுக்கு 5 முதல் 6 வயதில் போடும் டிபிடி பூஸ்டர் பாக்கி இருந்தால் ஊரிலேயே முடித்துவிட்டு, தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் கொண்டு வாருங்கள்.

தாஸ்காவில் சேர்ந்த முதல் மாதங்களில் கை, கால், வாய் நோய் என்று ஒன்று வந்தே தீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயில் புண், உள்ளங்கையில் கொப்புளம். பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும், ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டிவரும். தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். டெங்கி இங்கே வருடம் முழுவதும் உண்டு. காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மட்டும், டெங்கி இல்லை என்று தெரியும்வரை ஐபுபுரூஃபன் வேண்டாம். காட்டுத்தீயால் வரும் புகைமூட்டம் எல்லா வருடமும் வராது. 2015, 2019 போல மோசமான வருடங்களில் பள்ளிகளையே மூடினார்கள். வந்தால் ஜூன் முதல் அக்டோபருக்குள் வரும். காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் பிள்ளைகளை வெளியே விளையாட விடாதீர்கள்.

பணத்தில் ஒரு விஷயம்தான் சொல்கிறேன், ஆனால் பெரிய விஷயம். ஒரு காலண்டர் வருடத்தில் 182 நாளாவது இங்கே இருந்தால்தான் உள்நாட்டுவாசிக்கான வரி. இல்லாவிட்டால் சம்பளத்தில் மொத்தமாக 30 விழுக்காடு. அக்டோபரில் வருகிறவருக்கு முதல் வருடம் மூன்று மாதம்தான் தேறும். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: அந்த மூன்று மாதம் அடுத்த வருடத்தின் தொடர்ச்சியான 182 நாட்களோடு ஒட்டியிருந்தால் முதல் வருடத்துக்கும் சலுகை உண்டு. ஊருக்குப் போய் வரும் பயணங்கள் மொத்தம் 14 நாளுக்குள் இருந்தால் தொடர்ச்சி அறாது. பொங்கலுக்கு மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு வந்தால் அறுந்துபோகும். இந்தக் கணக்கு கணவருக்கு மட்டும்தான். நீங்களும் பிள்ளைகளும் ஒரு மாதம் இருந்துவிட்டு வாருங்கள், வரிக்கு ஒன்றும் ஆகாது. வேலை முடியும்போது வரிப் பாக்கி இல்லை என்று வருமானவரி வாரியம் சொல்லும்வரை கடைசிச் சம்பளத்தை அலுவலகம் நிறுத்தி வைக்கும், அது சட்டம். வீட்டு முன்பணமும் அதே நேரத்தில்தான் முடங்கியிருக்கும். எனவே திரும்பும் மாதத்துக்கென்று இரண்டு மாதச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இனி தமிழ். கோலாலம்பூரில் தமிழ் மறக்கும் என்று பயப்படுவது கொஞ்சம் வேடிக்கைதான். 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வி இது. ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. மின்னல் எஃப்எம்மைப் போட்டால் வீட்டில் நாள் முழுக்கத் தமிழ் ஒலிக்கும். தமிழ்ப்பள்ளியிலேயே சேர்க்கலாமே என்று தோன்றும். அங்கே ஒன்றாம் ஆண்டு என்பது ஏழு வயதுக் கணக்கு, வெளிநாட்டுக் குழந்தைக்குக் கல்வித் துறையின் அனுமதியும் வாங்க வேண்டும். ஓராண்டுக்காக அந்த அலைச்சல் வேண்டாம். மூன்று நான்கு வருடம் என்றால் நானே சேர்க்கச் சொல்வேன். உங்கள் மகள் தமிழை மறக்கமாட்டாள், கொஞ்சம் மாற்றிக்கொள்வாள். லிஃப்டில் பக்கத்து வீட்டு அக்கா "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார். காலையில் சாப்பிட்டாயிற்றா என்று பொருள். ஆறு மாதத்தில் உங்கள் மகளும் அதே கேள்வியைத் தொலைபேசியில் பாட்டியிடம் கேட்பாள். எழுத்துதான் நழுவும். அதற்கு வாரத்துக்கு ஒரு கடிதம் பாட்டிக்கு எழுதச் சொல்லுங்கள், நாலு வரி போதும், படம் எடுத்து அனுப்பலாம்.

மாமியாரின் மனக்குறைக்கும் ஒரு வழி உண்டு. இங்கே மணி நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். பிள்ளைகள் தூங்கும் முன் எட்டு மணிக்குப் பேசினால் திருப்பூரில் மாலை ஐந்தரை, அவர் விளக்கேற்றும் முன்பே முடிந்துவிடும். அவரையும் ஒருமுறை இங்கே வரவழைக்கலாம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வர மலேசியா அனுமதிக்கிறது. இந்தச் சலுகைக்குக் காலக்கெடு உண்டு, அவ்வப்போது நீட்டிக்கிறார்கள், அதனால் டிக்கெட் எடுக்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, மின்னணு வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்புங்கள். திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. தைப்பூசத்தை ஒட்டி வரச் சொல்லுங்கள். கோலாலம்பூரில் அன்று விடுமுறை, கணவரும் வீட்டில் இருப்பார். பத்துமலையில் 272 படி. மாமியாருக்கு முட்டிவலி என்றால் ஏற வேண்டாம், 42.7 மீட்டர் முருகன் கீழேயே நிற்கிறார்.