எட்டு வோல்ட்டை எட்டாத மின்தேக்கி

கேள்வி: அப்பா கடலுக்குப் புறப்படும் பின்னிரவில் கொல்லை விளக்கைப் போட்டுவிட்டு அணைக்க மறந்துவிடுகிறார், விடிவதற்குள் 12 வோல்ட் சோலார் பேட்டரி இறங்கிவிடுகிறது. பொத்தானை அழுத்தினால் ஏறத்தாழ 2 நிமிடம் எரிந்து தானே அணையும்படி, நேரம் கணிக்கும் 555 ஐ.சி.யுடன் 1 மெகாஓம் மின்தடையையும் பழைய ரேடியோவில் கழற்றிய 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் சேர்த்துச் செய்தேன். 100 மில்லி ஆம்பியர் எல்.இ.டி. பட்டை எரிகிறது, அணையவே இல்லை. மீட்டரில் பார்த்தால் மின்தேக்கி 4 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை. ஐ.சி. பழுதா?
– வாசகர், மண்டபம்

பதில்: ஐ.சி.யின் மேல் பழி போட வேண்டாம். எனக்குச் சந்தேகமெல்லாம் அந்தப் பழைய மின்தேக்கியின் மேல்தான். மின்தடையையும் மின்தேக்கியையும் பெருக்கி 1.1-ஆல் பெருக்கினால் 110 விநாடி வருகிறது, ஆகவே உங்கள் கணக்கும் சரியே. பொத்தான் ஐ.சி.யின் 2-ஆம் காலை 4 வோல்ட்டுக்குக் கீழே இறக்கியதும் 3-ஆம் காலில் விளக்கு எரிகிறது. அதே நொடியில், அதுவரை மின்தேக்கியை நிரம்பவிடாமல் பிடித்திருந்த 7-ஆம் கால் பிடியை விட, மின்தேக்கி மெல்ல நிரம்பி, பேட்டரி அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கான 8 வோல்ட்டைத் தொட்டதை 6-ஆம் கால் உணர்ந்த பிறகே விளக்கு அணையும். அந்தக் கட்டத்தில் 1 மெகாஓம் வழியாக வருவது வெறும் 4 மைக்ரோ ஆம்பியர். பல ஆண்டுகள் சும்மா கிடந்த மின்தேக்கியில் கசிவைத் தடுக்கும் உள் ஆக்சைடு படலம் நலிந்து, அவ்வளவு மின்னோட்டமும் கசிந்துவிடக்கூடும். ஓட்டைக் குடத்தில் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் எப்படி நிறையும்?

மீட்டரும் உங்களைச் சற்று ஏமாற்றியிருக்கலாம். மலிவான மீட்டர்கள் பலவற்றின் உள்தடை 1 மெகாஓம்தான் என்பதால், அதை வைத்திருக்கும் வரை நல்ல மின்தேக்கிகூட 6 வோல்ட்டில் நின்றுவிடும். உங்களுடையது 4-லேயே நின்றதுதான் கசிவைக் காட்டுகிறது. ஆகவே புதிய 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் மின்தேக்கியையும் 220 கிலோஓம் மின்தடையையும் போட்டு, மீட்டரை எடுத்துவிட்டுக் கைக்கடிகாரத்தால் நேரம் பாருங்கள். 114 விநாடியை ஒட்டி வரும், இவ்வகை மின்தேக்கியில் 20 விழுக்காடு கூடக்குறைய இருப்பது வழக்கம். மின்தேக்கியின் கோடு போட்ட கால் நெகட்டிவ் பக்கம் இருக்கட்டும். ஐ.சி.யின் 3-ஆம் கால் 200 மில்லி ஆம்பியர் வரை தாங்குமாதலால் உங்கள் பட்டைக்குத் தனி டிரான்சிஸ்டர் வேண்டியதில்லை.

உங்கள் ஊர் உப்புக்காற்று சாதாரணமானதன்று. உலோக அரிப்பைச் சோதிக்கக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் களம் வைத்திருப்பதே மண்டபத்தில்தான். பொத்தானின் இரு முனைகளுக்கிடையே ஈர உப்பு படிந்தால், யாரும் தொடாமலே விளக்கு எரியத் தொடங்கும். 2-ஆம் காலுக்கும் பாசிட்டிவுக்கும் இடையே 10 கிலோஓம் மின்தடை இருக்கிறதா என்று பாருங்கள். அதை விட்டிருந்தாலோ, மெகாஓம் கணக்கில் போட்டிருந்தாலோ இந்தத் தொல்லை உறுதி. பலகையின் ஈயம் வைத்த பக்கத்தில் நிறமற்ற நகப்பூச்சை இரண்டு முறை தடவி, பொத்தானைக் கொல்லைச் சுவரில் வைக்காமல் கதவுக்கு உட்பக்கமாகப் பொருத்துங்கள்.