சந்தா அப்புறம், சீரிஸ் முதலில்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வேலை, குழந்தைகள் என்று பத்து வருடம் ஓடிவிட்டது. எல்லோரும் பேசித் தீர்த்த சீரிஸ் எதையுமே நான் பார்த்ததில்லை. இப்போது இரவில் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. எந்த ஓடிடி வாங்கினால் நல்லது? எதில் ஆரம்பிக்கலாம்?

எந்த ஓடிடி என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் எந்த சீரிஸ் என்று முடிவு செய்யுங்கள். சந்தாவைக் கட்டிவிட்டு, முகப்புப் பக்கத்தை மேலும் கீழும் தள்ளியே கிடைத்த ஒரு மணி நேரத்தையும் தொலைப்பவர்கள்தான் அதிகம். பார்க்க ஆசைப்படும் மூன்று தொடர்களை எழுதி வையுங்கள். அவை எங்கே கிடைக்கின்றன என்று ஜஸ்ட்வாட்ச் போன்ற தேடுதளத்தில் பாருங்கள். அதில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்துத் தேட வேண்டும், ஏனென்றால் ஒரே தொடர் ஒவ்வொரு நாட்டிலும் வேறு வேறு தளத்தில் இருக்கும். மூன்றில் இரண்டு எங்கே இருக்கிறதோ, அந்தத் தளத்தை ஒரே ஒரு மாதத்துக்கு வாங்குங்கள். வருடச் சந்தா மலிவாகத் தெரியும். ஆனால் பன்னிரண்டு மாதமும் பார்க்க அங்கே உங்களுக்குச் சரக்கு இருந்தால்தான் அது மலிவு.

அடுத்தது மணிக்கணக்கு. தினம் ஒரு மணி என்றால் மாதத்துக்கு 30 மணி நேரம்தான் உங்கள் கையிருப்பு. ‘பிரேக்கிங் பேட்’ 62 எபிசோட், மொத்தம் 50 மணி நேரத்தை ஒட்டி வரும். ஆக, இரண்டு மாதச் சந்தா. ‘தி வயர்’ 60 எபிசோட், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி. அதற்கும் இரண்டு மாதம். ‘ஃப்ரெண்ட்ஸ்’ 236 எபிசோட், 22 நிமிடம் வீதம் போட்டாலும் 86 மணி நேரத்தைத் தாண்டுகிறது. ‘செர்னோபில்’ ஐந்தே எபிசோட், ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

பத்து வருடம் சீரிஸ் பக்கமே வராதவருக்கு நான் முதலில் சொல்வது இந்த ‘செர்னோபில்’தான். 2019-இல் வந்தது. 1986 அணு உலை விபத்தும் அதை மூடி மறைக்க நடந்த முயற்சிகளும்தான் கதை. முடிவு தெரிந்த கதையாக இருந்தும் பதற்றம் குறையாது. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துப் பாருங்கள்: அதில் வரும் உலானா கோம்யுக் என்ற பெண் விஞ்ஞானி நிஜ மனிதர் அல்ல. விசாரணையில் உதவிய பல விஞ்ஞானிகளைச் சேர்த்து உருவாக்கிய பாத்திரம். ஐந்து எபிசோடில் ஒரு முழுக் கதை முடிந்துவிடுவதால், சீரிஸ் பார்க்கும் பழக்கம் உங்களுக்குச் சரிப்படுமா என்பதும் தெரிந்துவிடும்.

அது பிடித்தால் ‘பிரேக்கிங் பேட்’டுக்குப் போங்கள். நுரையீரல் புற்றுநோய் வந்த ஒரு வேதியியல் ஆசிரியர் போதைப்பொருள் தயாரிக்க இறங்கும் கதை. விட்டுப்போனதை ஓடிடியில் பிடித்துக்கொள்ளும் பழக்கத்துக்கே இதுதான் நல்ல உதாரணம். 2008-இல் முதல் எபிசோடை அமெரிக்கத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர். 2013-இல் கடைசி எபிசோடைப் பார்த்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். நடுவில் முந்தைய சீசன்கள் நெட்ஃபிளிக்ஸில் கிடைத்ததும், ஜனங்கள் பழையதை வேகமாகப் பார்த்து முடித்து டிவிக்கு வந்து சேர்ந்தார்கள். தொடர் நிலைத்ததற்கு நெட்ஃபிளிக்ஸ் ஒரு காரணம் என்று அதை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே சொல்லியிருக்கிறார். முதல் சீசனில் ஏழே எபிசோட்தான், அப்போது நடந்த எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் சுருங்கிவிட்டது. அந்த ஏழில் கதை கொஞ்சம் தடுமாறும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய சொந்த ஓட்டு ‘தி வயர்’ பக்கம்தான். ஆனால் அதை எல்லோரிடமும் சொல்லத் தயக்கமாக இருக்கும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம்தான் அதன் கதாநாயகன். முதல் சீசனில் போதைப்பொருள் விற்கும் தெருமுனையும் போலீஸும், அடுத்து துறைமுகம், அதன்பின் நகர அரசியல், பள்ளிக்கூடம், கடைசியில் பத்திரிகை அலுவலகம். எழுதிய டேவிட் சைமன் அந்த ஊர்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தவர். கூட எழுதிய எட் பர்ன்ஸ் அங்கே துப்பறியும் போலீஸாகவும் பிறகு பள்ளி ஆசிரியராகவும் வேலை பார்த்தவர். அதனால் யாரும் நமக்காக நின்று விளக்கிச் சொல்ல மாட்டார்கள். யார் யார் என்று பிடிபடவே மூன்று நான்கு எபிசோட் ஆகும். நான்கு முடிந்தும் ஒட்டவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடுங்கள். ஊரே புகழ்கிறது என்பதற்காக 60 மணி நேரத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மியில் ஒன்றுகூட இந்தத் தொடர் வாங்கியதில்லை என்பது தனிக் கதை.

கேள்வி: ‘பெட்டர் கால் சால்’ கதை காலத்தால் முந்தையது என்கிறார்கள். அப்படியானால் அதை முதலில் பார்த்துவிட்டு ‘பிரேக்கிங் பேட்’ பார்க்கலாமா?

வேண்டாம், வெளிவந்த வரிசையிலேயே பாருங்கள். ‘பெட்டர் கால் சால்’ முதல் காட்சியே கறுப்பு வெள்ளையில், ‘பிரேக்கிங் பேட்’ முடிந்த பிறகு நடப்பது. ‘பிரேக்கிங் பேட்’ பார்க்காதவருக்கு அது யார், ஏன் பயந்து சாகிறார் என்றே புரியாது. முன்கதையாக வந்த தொடர்கள் பலவும் இப்படித்தான், மூலத்தைப் பார்த்தவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

கேள்வி: ஒரு சீரிஸின் மூன்றாவது சீசனில் இருந்தேன். ஒரு நாள் திறந்தால் தொடரையே காணோம். சந்தா கட்டியிருக்கும்போது இப்படி எடுக்கலாமா? பணம் திரும்பக் கேட்க முடியுமா?

எடுக்கலாம். பணம் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் பெரும்பாலும் கிடைக்காது. நீங்கள் சம்மதம் என்று தட்டிய விதிமுறைகளிலேயே ‘உள்ளடக்கம் மாறலாம்’ என்று எழுதியிருப்பார்கள். நாம் கட்டுவது அந்தக் கடைக்குள் நுழையும் கட்டணம். உள்ளே குறிப்பிட்ட சரக்கு எப்போதும் இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

காரணம் இதுதான். ஒரு தளத்தில் இருக்கும் தொடர்களில் பெரும்பகுதி, வேறு நிறுவனம் எடுத்ததைக் குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் வாங்கி வைத்திருப்பவை. காலம் முடிந்ததும் தொடர் கிளம்பிவிடும். சரி, தளமே சொந்தமாக எடுத்த ஒரிஜினல் என்றால் நிரந்தரமா என்று கேட்டால், அதுவும் இல்லை. ஹெச்பிஓ சொந்தமாக எடுத்த ‘வெஸ்ட்வேர்ல்ட்’ 2022 டிசம்பரில் ஹெச்பிஓ மேக்ஸிலிருந்தே நீக்கப்பட்டது. டிஸ்னி பிளஸ்ஸின் ‘வில்லோ’ வெளிவந்து சில மாதங்களிலேயே, 2023 மே மாதம், அதே தளத்திலிருந்து காணாமல் போனது. செலவைக் குறைக்க நிறுவனங்களே செய்த வேலை இது.

ஆகவே பட்டியலில் உரிமம் வாங்கிய பழைய தொடரையும் தளத்தின் சொந்தத் தொடரையும் வைத்திருந்தால், முதலில் பழையதைப் பார்த்து முடியுங்கள். நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் ஒரு தொடர் எடுக்கப்படும் முன் அதன் பக்கத்திலேயே கடைசித் தேதியைக் காட்டும். ‘எனது பட்டியல்’ பகுதியை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். டவுன்லோடு செய்து வைத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், உரிமம் போனால் டவுன்லோடும் திறக்காது.

டிஜிட்டலாக ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தி வாங்கினாலும் சட்டப்படி அது பார்க்கும் அனுமதிதான். திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒன்றிரண்டு தொடர்கள் இருந்தால் அவற்றுக்கு டிவிடி, புளூ-ரே தட்டு வாங்குவது இன்றும் புத்திசாலித்தனம். தட்டை யாரும் வீட்டுக்குள் வந்து எடுத்துப் போக முடியாது. வாங்கும் முன் அதன் பிராந்திய எண் உங்கள் பிளேயருக்குப் பொருந்துமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘1899’ பார்த்தேன். அந்தரத்தில் நிற்கிறது. இரண்டாவது சீசன் வராது என்கிறார்கள். இப்படி ஏமாறாமல் இருக்க வழி உண்டா?

உண்டு: முடிந்துபோன தொடர்களை மட்டும் பாருங்கள். விட்டதைப் பிடிக்கும் நமக்கு என்ன அவசரம்? ‘1899’ ஒரே சீசனோடு ரத்தானது. அதை எடுத்த ஜோடியே அதற்கு முன் எடுத்த ‘டார்க்’ 2017 முதல் 2020 வரை மூன்று சீசன், 26 எபிசோட், திட்டமிட்டபடி முடிச்சுகளை அவிழ்த்து முடிந்தது. ஒரே கை எழுதியதுதான், ஒன்று முழுசு, மற்றது பாதி. எழுதியவரின் திறமையைப் பார்த்து இதைக் கணிக்க முடியாது.

பாதியில் நின்றாலும் பார்க்கத் தகுந்தவை இருக்கின்றன. ‘ஃபயர்ஃப்ளை’ 14 எபிசோட்தான் எடுத்தார்கள். 2002-இல் ஒளிபரப்பிய சேனல் அதையும் வரிசை மாற்றிப் போட்டது. தொடக்க எபிசோடே கடைசியில் வந்தது. கதை முடிவுக்காக 2005-இல் ‘செரினிட்டி’ என்று ஒரு படம் எடுத்தார்கள். இதைப் பார்ப்பதாக இருந்தால் ‘செரினிட்டி’ என்றே பெயர் கொண்ட இரட்டை நீள எபிசோடில் ஆரம்பியுங்கள், படத்தைக் கடைசியில் வையுங்கள்.

கேள்வி: அப்பா, அம்மா, பத்து வயதுப் பையன் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஏதாவது சொல்லுங்களேன். ரிமோட்டைப் பிடித்துக்கொண்டே பார்க்க முடியவில்லை.

‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’, 2005-இல் தொடங்கிய அனிமேஷன் தொடர். மூன்று சீசன், 61 எபிசோட். பையனுக்குச் சண்டையும் பறக்கும் எருமையும், உங்களுக்குப் போரும் மன்னிப்பும் பற்றிய நல்ல எழுத்து. இதே பெயரில் நடிகர்களை வைத்து எடுத்ததும் இருக்கிறது, மாற்றிப் போட்டுவிடாதீர்கள். பெரியவர்களுக்கு ‘கொலம்போ’ என்ற துப்பறியும் தொடர். கொலைகாரன் யார் என்பது பெரும்பாலான எபிசோடுகளில் முதலிலேயே தெரிந்துவிடும். கசங்கிய மேல்கோட்டோடு வரும் போலீஸ் அதிகாரி எப்படிப் பிடிக்கிறார் என்பதுதான் வேடிக்கை. ஒவ்வொன்றும் தனிக்கதை, நடுவில் எதையும் விட்டுவிட்டுப் பார்க்கலாம். மூன்று தலைமுறைக்கும் பொதுவாக ‘பிளானட் எர்த்’ என்ற இயற்கை ஆவணத் தொடர், 11 எபிசோட். வேட்டைக் காட்சிகள் வரும், அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.

வயது வரம்பு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பக்கத்திலேயே சிறிய எழுத்தில் வன்முறை, கெட்ட வார்த்தை, பாலியல் என்று காரணம் போட்டிருப்பார்கள். ரிமோட் தேவைப்படுமா என்பதை அந்த வரிதான் சொல்லும்.

கேள்வி: தமிழில் நேரடியாக எடுத்த சீரிஸ் எதுவும் தேறுமா?

தேறும். புஷ்கர்-காயத்ரி உருவாக்கிய ‘சுழல்’ முதல் சீசனில் தொடங்குங்கள். பிறகு விமல் நடித்த ‘விலங்கு’. இரண்டும் 2022-இல் வந்தவை. ஏழெட்டு எபிசோடில் முடிகிற கதைகள் என்பதால் இரண்டையும் சேர்த்தே ஒரு மாதக் கையிருப்பில் அடக்கலாம். எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான்: தமிழ் சீரிஸ் என்றாலே ஒரு பிணம், ஒரு போலீஸ் அதிகாரி, ஒரு விசாரணை. சிரிக்க வைக்கும் நீண்ட தொடர் ஒன்று எப்போது வருமோ.

கேள்வி: பழைய தொடர்களைத்தான் அதிகம் பார்க்கப் போகிறேன். 4கே பிளான் வாங்கினால் படம் தெளிவாக இருக்குமா?

பெரும்பாலும் காசுக்குக் கேடு. ‘ஃபால்டி டவர்ஸ்’ போன்ற 1970-களின் தொடர்களில் உள்ளரங்கக் காட்சிகள் வீடியோ டேப்பில் பதிவானவை. அதில் இல்லாத தெளிவை எந்த பிளானும் கொண்டுவராது. ஃபிலிமில் எடுத்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ போன்றவற்றைப் பிறகு மறுபடி ஸ்கேன் செய்து மெருகேற்ற முடிந்தது. ஆனால் தளத்தில் அந்தத் தொடரின் பக்கத்தில் 4கே என்று போட்டிருந்தால்தான் 4கே பிளானுக்கு வேலை. இணையத்துக்கு அளந்து பணம் கட்டுபவர் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு: நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவுப்படி ஹெச்டி மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும், 4கே 7 ஜிபி வரை.

பணம் கொடுக்காமலே படத்தைச் சரிசெய்ய ஒரு வழி சொல்கிறேன். டிவியின் செட்டிங்கில் ‘மோஷன் ஸ்மூத்திங்’ அல்லது அதைப் போன்ற பெயரில் ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். நல்ல நாடகத்தைக்கூட மலிவு வீடியோ மாதிரி காட்டுவது அதுதான்.

பழைய தொடர்கள் சதுரத் திரைக்காக எடுத்தவை. அவற்றை அகலத் திரைக்கு மாற்றும்போது மேலும் கீழும் வெட்டிவிடுவார்கள். 2021-இல் ‘சைன்ஃபெல்ட்’ நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது, சாலைக் குழியைப் பற்றிய ஒரு எபிசோடில் அந்தக் குழியே வெட்டுப்பட்டுப் போயிருந்தது! இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் எரிச்சலடையாதீர்கள். அதுதான் முழுப் படம்.

கேள்வி: டப்பிங்கா, சப்டைட்டிலா?

நகைச்சுவைக்கும் ‘டார்க்’ போன்ற குழப்பமான கதைக்கும் மூலக் குரலும் சப்டைட்டிலும். துணி மடித்துக்கொண்டே பார்க்கிறீர்கள் என்றால் டப்பிங்கில் தப்பில்லை. டப்பிங்கையும் சப்டைட்டிலையும் ஒரே மொழியில் சேர்த்துப் போட்டால் வார்த்தைகள் பொருந்தாமல் போகலாம். இரண்டும் பெரும்பாலும் தனித்தனி மொழிபெயர்ப்பு.

கேள்வி: பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்து ஆப்பையும் போனிலிருந்து நீக்கிவிட்டேன். ஆனாலும் மாதாமாதம் பணம் எடுக்கிறார்கள். எப்படி நிறுத்துவது?

ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. எந்த வழியில் பணம் கட்டினீர்களோ அந்த வழியில்தான் ரத்து செய்ய வேண்டும். தளத்தில் நேரடியாகக் கட்டியிருந்தால் அதன் ‘கணக்கு’ பகுதிக்குப் போங்கள். போனின் ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அந்த ஸ்டோரின் சந்தாப் பட்டியலில் தேடுங்கள். மொபைல் அல்லது இணைய இணைப்போடு சேர்த்து வந்ததென்றால் இணைப்புக் கொடுத்தவரிடம் கேளுங்கள். ரத்தானதும் வரும் மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள். அதற்குப் பிறகும் பணம் போனால் வங்கியிடம் காட்ட அதுதான் ஆதாரம்.

அடுத்த முறை, சந்தா எடுத்த அன்றைக்கே தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான தளங்களில் கட்டிய மாதம் முடியும்வரை தொடர்ந்து பார்க்கலாம். இலவச சோதனைக் காலத்தில் மட்டும் கவனம் தேவை, சில தளங்கள் ரத்து செய்த நொடியிலேயே கதவைச் சாத்திவிடும். மறுபடி சேரும்போது நீங்கள் நிறுத்திய எபிசோட் நினைவில் இருக்குமா என்றால், நெட்ஃபிளிக்ஸ் பார்த்த விவரத்தைப் பத்து மாதம் வரை வைத்திருக்கும். மற்ற தளங்களில் ரத்து செய்யும் முன் எந்த சீசன், எந்த எபிசோட் என்று குறித்துக்கொள்ளுங்கள்.