திறமை இருந்தும் ஹாலிவுட்டில் சிலருக்கு வேடம் கிடைக்காததற்கு இனம் காரணமா?

பல சமயம், ஆமாம். 'திறமை போதவில்லை' என்ற சமாதானத்தை நான் ஏற்க மாட்டேன். அன்னா மே வாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த சீன வம்சாவளி நடிகை, மௌனப் பட காலத்திலேயே பேர் வாங்கியவர். 1937இல் வந்த 'தி குட் எர்த்' சீன விவசாயக் குடும்பத்தின் கதை. நாயகன் வேடம் பால் முனி என்ற வெள்ளை நடிகருக்குப் போனது. அன்றைய தணிக்கை விதி வெள்ளையரும் கறுப்பரும் ஜோடி சேரக் கூடாது என்றது; நடைமுறையில் அது மற்ற இனத்தவரையும் தடுத்தது. அதனால் நாயகி வேடம் வாங்குக்குக் கிடைக்கவில்லை. அந்த வேடத்தில், ஒப்பனை போட்டுச் சீனப் பெண்ணாக நடித்த வெள்ளை நடிகை லூயிஸ் ரெய்னருக்கு ஆஸ்கரும் கிடைத்தது. வாங்குக்கு மிஞ்சியது, குடும்பத்தைக் குலைக்க வரும் லோட்டஸ் வேடம். மறுத்துவிட்டார்.

விதி போனது, பழக்கம் போகவில்லை. 1984இல் இண்டியானா ஜோன்ஸ் படத்தில் கலக்கிய ஆசிய வம்சாவளிச் சிறுவன் கீ ஹுய் குவான், வளர்ந்தபின் வேடமில்லாமல் சண்டைக் காட்சி அமைப்பில் உதவியாளராகப் போனார். 2023இல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் அவருக்குத்தான். இடையில் வீணான வருடங்களை நினைத்தால் மனசு ஆறவில்லை.

இன்னொன்று: திரைக்கதையில் இனம் குறிப்பிடாத மருத்துவர், வக்கீல், பக்கத்து வீட்டுக்காரர் என்றாலே வெள்ளையர் என்று வைத்துக்கொள்ளும் வழக்கம். மற்றவர்களுக்கு அங்கே நடிப்புத் தேர்வுக்கான அழைப்பே பல சமயம் வராது.