காதருகே ஒலிக்கும் குரல்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில், தமிழில் வந்த சிருங்காரப் பாடல்களில், அதாவது காதலையும் வேட்கையையும் பாடுகிறவற்றில், உங்கள் மனத்தை விட்டு அகலாதது எது என்று கேட்டிருந்தோம். அஞ்சலட்டையில் ஒரே ஒரு பாடலின் பெயரை எழுதி அனுப்பியவர்களும் உண்டு. பக்கம் பக்கமாக வாதாடியவர்களும் உண்டு. பலர் மனத்தில் இருக்கக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 'காதோடுதான் நான் பாடுவேன்' பாடலுக்கே என் முதலிடம். அதைப் பாடியவர் பி.சுசீலா என்று என் கணவர் அடித்துச் சொல்கிறார். எல்.ஆர்.ஈஸ்வரி என்று நான் சொன்னால் சிரிக்கிறார். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: தீர்ப்பு உங்கள் பக்கம் அம்மா. கே.பாலசந்தர் இயக்கி 1972இல் வெளிவந்த 'வெள்ளி விழா' படத்துக்காக வாலி எழுதி, வி.குமார் இசையமைத்து, ஈஸ்வரி பாடிய பாடல் அது. ஆனாலும் உங்கள் கணவரின் ஐயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. 'பளிங்கினால் ஒரு மாளிகை' என்று 1966இலும், 'எலந்தப் பயம்' என்று 1968இலும் கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் எட்டிப் பாய்ந்த குரல் அது. ஆடி மாதத்தில் ஊர்க் கோயில் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டாக இன்றும் தெருவையே நிறைக்கிற குரலும் அதுதான். அப்படிப்பட்ட குரல் தன் வலிமை முழுவதையும் உள்ளே அடக்கிக்கொண்டு, சொல் முடிந்த பிறகும் மூச்சு முடியாதது போலப் பாடும்போது, வேறு யாரோ பாடுகிறார்கள் என்று தோன்றுவது இயல்பே.

இந்தப் பகுதி முழுவதும் நான் சொல்லப்போவதை இந்தப் பாடலே சொல்லிவிடுகிறது. ஒரு பாடலில் சிருங்காரம் இருக்கிறதா இல்லையா என்பதை, பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையே அந்தக் குரல் எவ்வளவு தூரத்தை வைக்கிறது என்பதைக் கொண்டே நான் அறிகிறேன். சொற்களும் படக்காட்சியும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

கேள்வி: 'நேத்து ராத்திரி யம்மா'வைச் சிறந்த சிருங்காரப் பாடல் என்று பலர் உங்களுக்கு எழுதியிருப்பார்கள். அந்த முனகலுக்குப் பெயர் சிருங்காரம் என்றால் எனக்குச் சம்மதமில்லை. எஸ்.ஜானகி அம்மா அதைப் பாடாமல் இருந்திருக்கலாம். (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஆம், பலர் எழுதியிருக்கிறார்கள். உங்களைப் போல எதிர்த்து எழுதியவர்களும் குறைவில்லை. இந்த வழக்கை விசாரிக்க 1982ஆம் ஆண்டு நமக்கு அருமையான ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. அந்த ஒரே ஆண்டில், இளையராஜாவின் இசையில், ஜானகியின் குரலில், கமல்ஹாசனும் சில்க் ஸ்மிதாவும் திரையில் ஆட, இரண்டு பாடல்கள் வந்தன. 'சகலகலா வல்லவ'னில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தோடு ஜானகி பாடிய 'நேத்து ராத்திரி யம்மா' ஒன்று. 'மூன்றாம் பிறை'யில் ஜானகி தனித்துப் பாடிய 'பொன்மேனி உருகுதே' மற்றொன்று. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதற்பாட்டின் முனகல் கொட்டகையைப் பார்த்து எழுப்பப்படுகிறது. அங்கே விசில் வரும் என்பது தெரிந்தே, அதற்கு இடம் விட்டே பாட்டு அமைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டுக் குதூகலிப்பதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அது கூட்டத்தின் குதூகலம். இரண்டாவது பாட்டிலோ, வயது முதிர்ந்த தலைமையாசிரியருக்கு மனைவியாகி, தன் தாபத்தைச் சொல்ல ஆளில்லாமல் இருக்கும் ஒருத்தியின் கனவு ஒலிக்கிறது. அங்கே ஜானகி சொற்களுக்கு இடையில் விடுகிற முனகலை அவள் வேறு யாருக்காகவும் எழுப்பவில்லை. நாம் ஒட்டுக்கேட்கிறோம் என்கிற உணர்வு அந்தப் பாட்டில் கடைசிவரை இருக்கிறது.

ஆகவே முனகல் மீது குற்றமில்லை என்பதே என் முடிவு. ஜானகி அம்மா பாடாமல் இருந்திருக்கலாம் என்று நீங்கள் எழுதியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒலிவாங்கியின் முன் உடல் அசையாமல் நின்று, குழந்தைக் குரலிலும் கிழவியின் குரலிலும் பாடத் தெரிந்த அந்த மேதைக்கு, ஒரு பெண்ணின் வேட்கையைக் குரலாக்கும் உரிமை மட்டும் ஏன் இருக்கக்கூடாது? படத்தின் விரசத்துக்குப் பாடகியைப் பொறுப்பாக்குவது நம்மிடம் நெடுநாளாக இருக்கிற வழக்கம். அதை விட்டுவிட வேண்டும்.

கேள்வி: நான் இசைக்கல்லூரியில் படிப்பவள். நாயகியின் காதலைப் பாடும் கர்நாடக இசைப் பதங்களையும் சினிமாப் பாடல்களையும் ஒரே தட்டில் வைத்து எழுதுகிறீர்கள். பதங்களில் உள்ளது ஜீவாத்மா பரமாத்மாவைத் தேடும் தவிப்பு என்று எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உங்கள் ஆசிரியர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் பரமாத்மாவிடம் போய்ச் சேருவதற்கு அவசரப்பட்டு, நடுவில் நிற்கிற பெண்ணைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

தமிழில் பதங்கள் பாடிய முத்துத்தாண்டவரின் 'தெருவில் வாரானோ' உங்களுக்குப் பாடமாகியிருக்கும். கமாஸ் ராகம். 'தெருவில் வாரானோ, என்னைச் சற்றே திரும்பிப் பாரானோ' என்பது பல்லவி. அவன் சிதம்பரத்து நடராசன் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் 'சற்றே' என்கிற அந்தச் சிறிய சொல்லை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் வரவேண்டும் என்றோ, கையைப் பிடிக்க வேண்டும் என்றோ அவள் கேட்கவில்லை. போகிற போக்கில் கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும் என்கிறாள். நல்ல பாடகர் ஒருவர் அந்த வரியை விளம்பத்தில், அதாவது மெதுவான நடையில், மறுபடியும் மறுபடியும் எடுக்கும்போது, ஒவ்வொரு முறையும் அந்தச் 'சற்றே' கொஞ்சம் நீளும். திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பதும், தெருக்கோடி வரை பார்ப்பதும் அதற்குள் நடந்துவிடும். இதைப் பக்தி என்று சொன்னால் இதன் உடல் மறைந்துவிடுமா?

பதினேழாம் நூற்றாண்டில் முவ்வகோபாலன் என்ற கண்ணனை முன்னிறுத்தித் தெலுங்கில் பதங்கள் பாடிய க்ஷேத்ரய்யாவும் இதே நாயகியின் மனத்தைத்தான் நுட்பம் நுட்பமாகப் பிரித்துக் காட்டினார். அந்தப் பதங்கள் நம் காலம் வரை உயிரோடு வந்து சேர்ந்ததற்கு 1938இல் மறைந்த வீணை தனம்மாளின் குடும்பத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த அவருடைய வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீணை வாசித்துக்கொண்டே பாடுவார் என்றும், கேட்க வந்தவர்கள் சிறு ஓசையும் எழுப்பாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்றும் இசையுலகம் இன்றைக்கும் நினைவுகூர்கிறது. ஒலிவாங்கி இல்லாத சிறிய கூடம். மீட்டும் விரலின் ஓசையும் கேட்கிற தூரம். ஈஸ்வரியின் பாட்டைப் பற்றி மேலே நான் சொன்ன அண்மை அங்கே ஏற்கெனவே இருந்தது. ஒருசிலருக்கு மட்டுமே வாய்த்த அந்தக் கூடத்தின் நெருக்கத்தை ஒலிவாங்கி பின்னாளில் எல்லோருக்கும் கொண்டுவந்தது என்பதால்தான் பதத்தையும் திரைப்பாட்டையும் ஒரே பேச்சில் சேர்க்கிறேன். இரண்டும் தரத்தில் சமம் என்று எங்கும் எழுதவில்லை. பதத்தின் ஆழம் திரைப்பாட்டுக்கு அரிதாகவே வாய்த்திருக்கிறது.

தனம்மாளின் பேத்தியும் பரதநாட்டியக் கலைஞருமான டி.பாலசரஸ்வதி, 1973இல் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றவர், கலை எழுப்பும் உணர்வுகளான ரசங்களில் சிருங்காரமே தலையாயது என்றும், அதைத் தூய்மைப்படுத்த வேண்டிய தேவையே இல்லை என்றும் வாழ்நாள் முழுவதும் உறுதியாக நின்றார். அவர் பக்கமே நானும் நிற்கிறேன்.

கேள்வி: ஆண்டாளை இந்தப் பேச்சில் இழுக்காதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். (வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்)

பதில்: உங்கள் பக்தியை வணங்குகிறேன் ஐயா. ஆனால் ஆண்டாள் பாடிய நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் ஏழாம் பத்து, கண்ணனின் வாயமுதத்தைப் பருகிய வெண்சங்கைப் பார்த்து, 'கற்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ, திருப்பவளச் செவ்வாய்தான் தித்தித்திருக்குமோ' என்று கேட்கிறது. அவன் வாயின் சுவையையும் மணத்தையும் 'விருப்புற்றுக் கேட்கின்றேன்' என்று ஆண்டாளே வெளிப்படையாகச் சொல்லும்போது, அதைக் கூசாமல் கேட்டுக்கொள்வதே அவளுக்கு நாம் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

கேள்வி: சிருங்காரத்துக்கென்று ராகம் உண்டா? (வாசகர், சேலம்)

பதில்: காபி, பெஹாக், கமாஸ், சஹானா என்று பட்டியல் சொல்வார்கள். பட்டியலைவிட ஓர் எடுத்துக்காட்டு உதவும். 1944இல் வெளிவந்து, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' படத்தில், பாபநாசம் சிவன் எழுதி எம்.கே.தியாகராஜ பாகவதர் பாடிய 'மன்மத லீலையை வென்றார் உண்டோ' சாருகேசி ராகத்தில் அமைந்தது. இந்த ராகத்தில் ஸ்வர வரிசையின் கீழ்ப்பாதி, சட்ஜம் முதல் பஞ்சமம் வரை, சங்கராபரண ராகத்தின் வழி; வெளிச்சமான, தயக்கமில்லாத நடை. பஞ்சமத்தைத் தாண்டியதும் சுத்த தைவதமும் கைசிகி நிஷாதமும் வந்து நடபைரவி ராகத்தின் ஏக்கம் கவிந்துவிடுகிறது. ஒரே மூச்சில் களிப்பும் தவிப்பும் சேர்ந்திருப்பதால் ஆசையைப் பாட அது அவ்வளவு பொருந்துகிறது. ஆனாலும் அதே சாருகேசியில் உருகிப் பிரார்த்திக்கவும் முடியும். ராகம் பாதை மட்டுமே, போகிற இடத்தைப் பாடுகிறவர் தீர்மானிக்கிறார்.

கேள்வி: முன்பெல்லாம் வரிகளில் மறைபொருள் இருந்தது, இப்போது எல்லாம் வெட்டவெளிச்சம். ஒப்புக்கொள்வீர்களா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: பாதிதான் ஒப்புக்கொள்வேன். 1999இல் வந்த 'என் சுவாசக் காற்றே' படத்தின் 'தீண்டாய் மெய் தீண்டாய்' பாடல், வெள்ளிவீதியாரின் குறுந்தொகைப் பாட்டோடு தொடங்குகிறது. 'கன்றும் உண்ணாது கலத்தினும் படாது' என்று, நல்ல பசுவின் இனிய பால் கன்றுக்கும் ஆகாமல் கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்துவதைப் போலத் தன் அழகு தனக்கும் உதவாமல் தலைவனுக்கும் உதவாமல் பிரிவால் மேனியில் படரும் பசலை நிறத்துக்கு இரையாகிறதே என்று ஒருத்தி தன் உடலுறுப்பின் பெயர் சொல்லியே வருந்துகிறாள். ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள மரபில் இதைவிட வெளிப்படை வேண்டுமா? வெளிப்படையாகப் பேசுவதில் கேடில்லை; பேசுகிறவளுக்கு என்ன வலிக்கிறது என்பது பாட்டில் இல்லாமல் போவதே கேடு.

மறுபுறம், 2001இல் 'மின்னலே' படத்துக்காகத் தாமரை எழுதி, ஹாரிஸ் ஜெயராஜ் இசையில் பாம்பே ஜெயஸ்ரீ பாடிய 'வசீகரா'வைக் கேளுங்கள். குளித்ததும் தன்னைத் தேடி வருகிறவன் தன் சேலை நுனியால் தலை துவட்டிக்கொள்வதைக் கவிதை என்கிறாள் அதில் ஒரு பெண். ஈரத்தலையும் சேலை நுனியும் மட்டுமே அங்கே இருக்கின்றன. பெண்ணின் கண் எங்கே போய் நிற்கும் என்பதைப் பெண் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சான்று அது.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கடலோர ஊரில் வளர்ந்த எங்களுக்குச் சென்னை வானொலியைவிட இலங்கை வானொலியே தெளிவாகக் கேட்கும். இரவில் இத்தகைய பாடல் வந்தால், பிள்ளைகள் விழித்திருக்கிறார்கள் என்று என் அத்தை டிரான்சிஸ்டரின் ஒலியைக் குறைப்பார். அணைத்ததே இல்லை. சுவரில் சாய்ந்து, பெட்டியைக் காதருகே வைத்துக்கொண்டு பாட்டு முடியும் வரைக்கும் கண்ணை மூடியிருப்பார். இந்தப் பாடல்களை எப்படிக் கேட்க வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

கேள்வி: ஆண் குரலில் ஒன்று சொல்லுங்கள். (வாசகி, கோவை)

பதில்: 'இளமை எனும் பூங்காற்று', 1979. எஸ்.பி.பாலசுப்ரமணியம் எங்கும் குரலை உயர்த்தி உரிமை கொண்டாடாமல், அருகில் வந்து தயங்கி நிற்கிறார்.

கேள்வி: எங்களுக்கு இருபத்தைந்தாவது திருமண நாள் வருகிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். அன்று இரவு நாங்கள் இருவர் மட்டும் கேட்கச் சில பாடல்கள் வேண்டும். (வாசகர், திருநெல்வேலி)

பதில்: உங்கள் இருவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள். 'நினைவெல்லாம் நித்யா'வின் 'பனிவிழும் மலர்வன'த்தில் தொடங்குங்கள்; சலநாட்டை ராகத்தின் துள்ளல் பேச்சுக் கொடுக்க ஏற்றது. பிறகு 'ராஜபார்வை'யின் 'அந்தி மழை பொழிகிறது'. கதாநாயகன் கண்பார்வை இல்லாத வயலின் கலைஞன் என்பதை மனத்தில் வைத்துக் கேட்டால், அந்தப் பாட்டில் பார்வையைவிடத் தொடுதலும் ஓசையும் ஏன் அவ்வளவு கூர்மையாக இருக்கின்றன என்பது விளங்கும். அதன்பின் 'கர்ணா'வின் 'மலரே மௌனமா'. இசையமைப்பாளர் வித்யாசாகர் தர்பாரி கானடா ராகத்தை நிதானமாக அவிழ்க்க, பாலசுப்ரமணியமும் ஜானகியும் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் மெல்லத் தொட்டு எடுப்பார்கள்.

கடைசியாக 1993இல் வந்த 'வள்ளி' படத்தின் 'என்னுள்ளே என்னுள்ளே'. இளையராஜாவின் இசையில் ஸ்வர்ணலதா பாடியது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போதும் அந்தக் குரல் உரக்கவில்லை. உள்ளே எதையோ கண்டுகொண்ட ஒருத்தி தனக்குத்தானே வியந்துகொள்வது போல மேலும் மெலிகிறது. 37 வயதில், 2010இல், அவர் போய்விட்டார். அந்தப் பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு தானாக ஓடிவிடாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.