ஹவாய்ச் சாப்பாட்டுக் கடையில் எதைக் கேட்பது, எப்படிச் சாப்பிடுவது? – கேள்வி பதில்

ஹொனலூலுவில் நெடுநாளாகக் குடியிருப்பவள் நான். விடுமுறைக்கு இங்கே வர நினைக்கும் நம்மவர்கள் கடற்கரையைவிடச் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். நட்சத்திர விடுதிகளில் நடனத்தோடு பரிமாறும் விருந்தை இங்கே பேசப்போவதில்லை. ஊர்க்காரர்கள் மதியம் வரிசையில் நின்று சாப்பிடும் சாதாரணக் கடைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில்.

கேள்வி (சென்னை வாசகர்): அக்கா, உணவுப் பட்டியலைப் பார்த்தால் ஒரு பெயரும் புரியவில்லை. முதல் தடவை போகிறவர் எதைக் கேட்க வேண்டும்?

‘ஹவாயன் பிளேட்’ என்று ஒன்று எழுதியிருக்கும். அதைக் கேளுங்கள். பெரும்பாலும் காலுவா பன்றி (புகை மணக்கக் குழைய வெந்த பன்றி இறைச்சி) அல்லது லௌலௌ (இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்த இறைச்சி), கூடவே லோமி சால்மன் (தக்காளி, வெங்காயத்தோடு பிசைந்த உப்பு மீன்), சிக்கன் லாங் ரைஸ் (கோழியும் கண்ணாடிச் சேமியாவும்), இனிப்புக்கு ஹௌப்பியா (தேங்காய்ப்பால் இனிப்பு) என்று வரும். ‘சோறா, போயியா?’ என்று கேட்பார்கள். போயி என்பது கிழங்கை வேகவைத்து இடித்துத் தண்ணீர் விட்ட கூழ். போயி என்று சொல்லுங்கள். பயமாக இருந்தால் இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஓரத்தில் வேகவைக்காத வெங்காயமும் கல்லுப்பும் வைப்பார்கள். அலங்காரம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

சில கடைகளில் எல்லாம் சிறு கிண்ணங்களாகத் தனித்தனியே வரும். நான்கு பேர் போனால் அதுதான் வசதி. ஆளுக்கொரு கிண்ணம் என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோவை வாசகி): போயி சுவரொட்டி ஒட்டும் பசை மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நிஜமாகவே அதை விரும்பிச் சாப்பிடுகிறார்களா?

(உச்சரிப்புப்படி எழுதினால் ‘பொய்’ என்று வந்து படிப்பவரைக் குழப்பும். அதனால்தான் ‘போயி’ என்று எழுதுகிறேன்.)

விரும்பித்தான் சாப்பிடுகிறார்கள். குழந்தைக்கு முதலில் ஊட்டும் திட உணவுகளில் அதுவும் ஒன்று. பசை என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கரண்டி போயியைத் தனியாக வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, கிண்ணத்தைத் தள்ளி வைத்தவர்கள். கேழ்வரகுக் கூழை மோர்மிளகாயும் கருவாடும் இல்லாமல் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் என்ன சொல்வார்? அந்த நியாயம்தான் இங்கேயும்.

இந்தச் சாப்பாட்டில் நடுவில் இருப்பது போயி. மற்றதெல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ள. காலுவா பன்றியில் உப்பும் புகையும் தூக்கலாக இருப்பதும், லோமி சால்மன் கரிப்பாக இருப்பதும், பிப்பிகௌலா என்ற உலர்ந்த மாட்டிறைச்சி அழுத்தமான சுவையோடு இருப்பதும் இதனால்தான். ஒரு வாய் இறைச்சி, உடனே ஒரு வாய் போயி, ஒரு கடி வெங்காயம் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். உப்பை உறிஞ்சிக்கொண்டு, கொழுப்பைக் கழுவி, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக்குவது போயியின் வேலை. அதில் உப்போ காரமோ இல்லாததைக் குறையாகச் சொல்கிறவர்களுக்கு இது பிடிபடவில்லை என்றே சொல்வேன்.

புளிப்பும் ஒரு விஷயம். அன்று அரைத்த போயி லேசாகத் தித்திக்கும். இரண்டு மூன்று நாள் போனால் லாக்டிக் அமில நுண்ணுயிர்களால் புளித்துவிடும். வயதானவர்கள் பலர் புளித்ததையே கேட்டு வாங்குகிறார்கள். புதியவர் நீங்கள் என்பதால், ‘புதுசு இருக்கிறதா?’ என்று கேளுங்கள். விரலால் வழித்துச் சாப்பிடலாம், யாரும் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். எத்தனை விரல் கொண்டு வழிக்க வேண்டியிருக்கிறது என்பதை வைத்து ஒரு விரல் போயி, இரு விரல் போயி, மூன்று விரல் போயி என்று கெட்டியைக் குறிப்பிடுவதே இங்கு வழக்கம். ஒரு விரல் போயிதான் மிகவும் கெட்டி.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): போயி செய்யும் கிழங்கு நம் சேப்பங்கிழங்குதானா? அப்படியானால் ஏன் காறவில்லை?

அதேதான். தாவர இனமும் ஒன்று, ரகம்தான் வேறு. பாலினீசிய மாலுமிகள் படகில் ஏற்றிக் கொண்டுவந்து நட்ட கிழங்கு. இங்கே பெயர் கலோ. ஓடைத் தண்ணீரைத் திருப்பி, வரப்புக் கட்டி, நீர் நிற்கும் வயலில் வளர்க்கிறார்கள். கவாய் தீவின் ஹனலேய் பள்ளத்தாக்கை மேட்டிலிருந்து பார்த்தால் காவிரிக் கரைக்காரரான உங்களுக்கு நெல் வயல் என்றே தோன்றும்.

காறலுக்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள். கிழங்கை நன்றாக வேகவைத்த பிறகே தோலைச் சுரண்டி, மரப்பலகையில் வைத்துக் கல் குழவியால் இடிக்கிறார்கள். தண்ணீர் அதிகம் சேர்க்காமல் இடித்த கெட்டி மாவுக்குப் பாயிஆய் என்று பெயர். அதைத் தண்ணீர் விட்டுத் தளர்த்தினால் போயி. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இயந்திரத்தில் அரைத்தது. மரப்பலகையும் கல்லும் சுகாதார விதிக்கு ஒத்துவராது என்று கையால் இடித்ததை விற்கவே தடை இருந்தது. 2011-இல் மாநிலச் சட்டமன்றம் அதற்கென்று தனிச் சட்டம் இயற்றிய பிறகுதான் வழி பிறந்தது. கையால் இடித்தது எங்காவது கிடைத்தால் விலையைப் பார்க்காமல் வாங்குங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஹவாய்ப் புராணத்தில் வானத் தந்தை வாக்கேயாவின் முதல் பிள்ளை இறந்தே பிறந்தான். அவனைப் புதைத்த இடத்தில் முளைத்தது கலோ. அடுத்துப் பிறந்த ஹாலோவா மனிதர்களின் மூதாதை. ஆகவே இவர்களுக்கு இந்தக் கிழங்கு மூத்த அண்ணன். போயிக் கிண்ணம் திறந்திருக்கும்போது வீட்டில் சண்டை போடக்கூடாது என்பது வழக்கம். அந்தக் கிண்ணத்தைப் பார்த்து ‘பசை’ என்று உரக்கச் சொன்னால் பரிமாறுகிறவர் முகம் ஏன் மாறுகிறது என்று இப்போது விளங்கும்.

கேள்வி (மலேசிய வாசகி): லௌலௌவை இலையோடு சாப்பிடுவதா?

வெளி இலை வேண்டாம், உள் இலை வேண்டும். வெளியே சுற்றியிருப்பது டி என்ற செடியின் இலை, நாராக இருக்கும், பிரித்து ஒதுக்குங்கள். உள்ளே பன்றி இறைச்சியையும் ஒரு துண்டு உப்பு மீனையும் பொதிந்திருப்பது சேம்பிலை. மணிக்கணக்கில் ஆவியில் வெந்து கீரை மசியலாகக் குழைந்திருக்கும். லௌலௌவில் இறைச்சியைவிட அந்த இலைதான் ருசி. தொண்டை அரித்தால் இலை சரியாக வேகவில்லை என்று பொருள். நிறுத்திவிட்டுக் கடைக்காரரிடம் சொல்லுங்கள்.

கேள்வி (டொராண்டோ வாசகர்): காலுவா பன்றி மண்ணுக்குள் புதைத்துச் சுட்டது என்கிறார்கள். தினமும் ஒரு சிறிய கடையில் குழி தோண்ட முடியுமா?

நல்ல சந்தேகம். பெரும்பாலான கடைகளில் முடியாது, செய்வதும் இல்லை.

இமு என்ற முறைப்படி, குழி வெட்டி, விறகு மூட்டி, எரிமலைக் கற்களைக் கனலக் கனலச் சூடாக்குவார்கள். கற்கள் மேல் நசுக்கிய வாழைத்தண்டையும் டி இலைகளையும் பரப்புவார்கள். ஈரம் ஆவியாக எழும்பும். பன்றியின் வயிற்றுக்குள்ளும் சூட்டுக்கல் வைத்து, இறக்கி, மேலே இலை, சாக்கு, மண் என்று மூடிவிடுவார்கள். பல மணி நேரம் கழித்துத் திறந்தால் எலும்பு தானாகக் கழன்று வரும். விறகாக இன்று பெரிதும் பயன்படும் கியாவே மரம் நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. 1828-இல் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் ஹொனலூலுவில் நட்ட மரத்திலிருந்து பரவியது என்பார்கள். ராமநாதபுரத்தில் வெட்டி ஒழிக்கப் பாடுபடும் குடும்பத்தின் ஒரு கிளைக்கு இங்கே சமையலில் இவ்வளவு மரியாதை!

கடையில் நடப்பது வேறு. பன்றித் தோள்கறியில் கல்லுப்பைத் தேய்த்து, புட்டியில் விற்கும் புகைச்சாற்றைச் சில சொட்டு விட்டு, மூடி, அடுப்பில் மெதுவாக வேகவைத்துப் பிய்த்துப் போடுவார்கள். அதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். அளவாகச் செய்தால் நன்றாகவே இருக்கும். புகைச்சாறு கூடினால் மருந்து வாடை அடிக்கும். அப்படிப்பட்ட கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): ஹவாய்க் கடலில் சால்மன் கிடையாதே! மாடும் அங்கே இருந்ததில்லை. பிறகு எப்படி இது ‘பாரம்பரியம்’ ஆகும் அம்மா?

கிடையாதுதான். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலிருந்து உப்பிட்ட சால்மன் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் வந்தது. தக்காளி, வெங்காயம் சேர்த்துக் கையால் பிசைந்து லோமி சால்மன் ஆக்கினார்கள். மாட்டைக் கொண்டுவந்தவர் கேப்டன் வான்கூவர். 1793-இல் முதலாம் கமேஹமேஹா அரசருக்கு அன்பளிப்பாகத் தந்தார். அவற்றைக் கொல்லக் கூடாது என்று அரசர் தடை விதிக்க, மந்தை பெருகிக் காட்டு மாடாகத் திரிந்தது. 1830-களில் மெக்சிகோவிலிருந்து மாடு மேய்ப்பவர்களை வரவழைத்துப் பழக்கினார்கள். அந்த வழியில் வந்தது பிப்பிகௌலா. சிக்கன் லாங் ரைஸில் இருக்கும் கண்ணாடிச் சேமியாவும் இஞ்சியும் சீனர் கொடை.

வந்த பொருளையெல்லாம் போயிக்குத் தொட்டுக்கொள்ள ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். தக்காளியும் மிளகாயும் போட்ட ரசத்தைப் பாரம்பரியம் என்று சொல்லும் நாம் இவர்களிடம் சான்றிதழ் கேட்கலாமா?

கேள்வி (மதுரை வாசகி): அங்கே பெண்கள் ஆண்களோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்றிருந்ததாமே?

இருந்தது. பன்றி இறைச்சி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழ ரகங்கள் பெண்களுக்கு விலக்கு, சமையலும் தனித்தனி. 1819-இல் அரசர் லிஹோலிஹோ, அரசி காஅஹுமனுவும் தம் தாயும் வற்புறுத்த, எல்லோரும் பார்க்கப் பெண்களோடு அமர்ந்து உண்டார். அந்த ஒரு சாப்பாட்டோடு பழைய விலக்கு முறையே சரிந்தது. ஹௌப்பியாவைச் சாப்பிடும்போது நான் இதை நினைப்பதுண்டு. தேங்காய்ப்பால் இனிப்பு அது!

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): கவாய் ஆதீனத்துக்குக் குடும்பத்தோடு போகிறோம். நாங்கள் சைவம். இந்தக் கடைகளில் எங்களுக்கு என்ன கிடைக்கும்?

யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் சீடர் 1970-இல் நிறுவிய மடம் அது. அங்குள்ள ‘இறைவன் கோயில்’ என்ற சிவன் கோயிலின் கருங்கல் வேலைப்பாட்டைப் பார்க்கவே ஒரு நாள் வேண்டும். சாப்பாட்டு விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்தக் கடைகளில் சைவர்கள் வயிறு நிரம்பாது. போயி, சோறு, கிடைத்தால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஹௌப்பியா, சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து வேகவைத்த கூலோலோ. இவ்வளவுதான். கூலோலோ கிடைத்தால் விடாதீர்கள், நம் நாக்குக்குச் சட்டென்று ஒட்டும். சேம்பிலைக் கூட்டு மாதிரி பச்சையாகத் தெரிவதை நம்பிவிடாதீர்கள். அது ‘ஸ்குவிட் லூவாவ்’ ஆக இருக்கும். தேங்காய்ப்பாலுக்குள் பேய்க்கணவாய் கிடக்கும். சில கடைகளில் காய்கறி லௌலௌ உண்டு, முன்கூட்டியே கேளுங்கள். போயிக்குத் தொட்டுக்கொள்ளப் பையில் ஒரு ஊறுகாய்ப் புட்டி இருக்கட்டும்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகி): பன்றி சாப்பிடமாட்டோம். மீனும் கோழியும் சரி.

அப்படியென்றால் கவலையில்லை. சிக்கன் லாங் ரைஸ், லோமி சால்மன், ஸ்குவிட் லூவாவ், போக்கே (துண்டு போட்டுச் சுவையூட்டிய பச்சை மீன்) ஆகியவற்றைக் கேளுங்கள். கோழி லௌலௌ என்று இருந்தாலும் உள்ளே பன்றிக் கொழுப்பு சேர்த்தார்களா என்று விசாரித்துவிடுங்கள். லோமி சால்மனும் போக்கேயும் அடுப்பைக் காணாதவை என்பது நினைவிருக்கட்டும்.

கேள்வி (சேலம் வாசகர்): அன்னாசி போட்ட ஹவாயன் பீட்சா அங்கே எப்படி?

அது 1962-இல் கனடாவின் ஒன்டாரியோவில் பிறந்தது. அங்கே போய்க் கேளுங்கள்.

கேள்வி (பெங்களூர் வாசகர்): மக்ரோனி சாலட், இரண்டு கரண்டி சோறு, பொரித்த கோழி என்று வரும் ‘பிளேட் லன்ச்’, டின் பன்றி இறைச்சியைச் சோற்றின் மேல் வைத்துக் கடற்பாசியால் சுற்றிய ஸ்பாம் முசுபி, இவையும் இதே வகைதானா?

இல்லை. அவை கரும்புத் தோட்டங்களில் சீனர், ஜப்பானியர், போர்த்துகீசியர், கொரியர், பிலிப்பினோக்கள் எல்லோருடைய தூக்குச் சட்டிகளும் கலந்து பிறந்தவை. இங்கே ‘லோக்கல்’ சாப்பாடு என்பார்கள். ருசியானவைதான். ஆனால் ‘ஹவாயன்’ என்று ஊர்க்காரர் சொன்னால் பூர்வகுடிகளின் சாப்பாடு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஈரோடு வாசகி): காரம்?

மேசையில் மிளகாய்த் தண்ணீர்ப் புட்டி இருக்கும். தண்ணீர், உப்பு, சின்னச் சிவப்பு மிளகாய். காலுவா பன்றி மேல் தெளியுங்கள்.

கேள்வி (துபாய் வாசகர்): ஒரே ஒரு கடையின் பெயர் சொல்லுங்கள்.

இரண்டு சொல்கிறேன். ஹொனலூலுவில் ‘ஹெலனாஸ் ஹவாயன் ஃபுட்’. 1946-இல் ஹெலன் சாக் தொடங்கியது. 2000-இல், அமெரிக்க உணவகங்களுக்கு விருது தரும் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் விருது பெற்றது. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு உலர்த்திய மாட்டு விலாக்கறியை வறுத்துத் தரும் பிப்பிகௌலாவுக்காகவே போகலாம். இன்னொன்று ஹொனலூலுவுக்கு அருகே உள்ள வைபாகுவில் 1947-இல் தொடங்கிய ‘ஹைவே இன்’. நிறுவியவர் ஜப்பானிய வம்சாவளியினர், ஒக்கினாவாக் குடும்பம். ஹவாய்ச் சாப்பாட்டைக் கட்டிக் காத்தவர்கள் எல்லோரும் பூர்வகுடிகள் அல்லர் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

எந்தக் கடையாக இருந்தாலும் திறந்திருக்கும் நாளைப் பார்த்துவிட்டுப் போங்கள். வாரக் கடைசியில் மூடும் கடைகளும் உண்டு. பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். வண்டி நிறுத்த இடம் குறைவு. மேசைக்கு வந்து பரிமாறினால் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம்.

கேள்வி (அதே துபாய் வாசகர்): மிஞ்சிய போயியைக் கட்டித் தருவார்களா? குளிர்பெட்டியில் வைக்கலாமா?

தருவார்கள். குளிர்பெட்டியில் வைத்தால் இறுகிப்போகும். ஒரு கிண்ணத்தில் போட்டு, மேலே காய்ந்துவிடாமல் மெல்லியதாகத் தண்ணீர் விட்டு, மூடி வெளியிலேயே வையுங்கள். மறுநாள் கையால் கிளறிப் பாருங்கள், லேசாகப் புளித்திருக்கும். அறையில் வேறு எதுவும் இல்லாவிட்டால் பெட்டிக்கடையில் ஒரு டின் மத்தி மீன் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே பல வீடுகளில் அதுவே ஒரு வேளைச் சாப்பாடு.